'ஒண்ணுமில்ல' என்பதற்குள் என்ன இருக்கிறது? வீட்டு உறவுகளில் வரும் கடினமான உணர்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவன் மனைவி, மாமியார் மருமகள், பெற்றோர் பிள்ளைகள், ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே வேலை பார்ப்பவர்கள் என்று சிங்கப்பூரில் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அடி, மிரட்டல், காசையும் கைப்பேசியையும் பிடுங்கி வைப்பது போன்றவை நடக்கும் வீடு என்றால், முதலில் கீழே 'வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற கேள்விக்குப் போங்கள். மற்ற பதில்கள் அந்த வீட்டுக்குப் பொருந்தாது.

எதற்கெடுத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. வேறு உணர்வே இல்லாதது போல. ஏன்?

கோபம் சத்தமாக வரும். அதற்கு முன்னால் வந்த இன்னொன்றை மறைத்துக்கொண்டு நிற்கும். இரவு 7.30க்கு வருகிறேன் என்றவர் 9 மணிக்கு வருகிறார், கைப்பேசியையும் எடுக்கவில்லை. கதவு திறந்ததும் வாயில் வருவது கோபம். 8.15 மணிக்கு உள்ளே இருந்தது பயம்: 'ஏதாவது ஆகிவிட்டதோ?' 8.45க்கு அது 'நான் காத்திருப்பது இவருக்கு ஒரு பொருட்டே இல்லை' என்ற காயம். வந்தவர் காதில் விழுவது மூன்றாவதாக வந்த கோபம் மட்டும்தான், அவர் பதில் சொல்வதும் அதற்குத்தான்.

தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழப்பையும் தளர்ச்சியையும் பின்னால் தள்ளி, சிறுமைப்படுவதாகிய இளிவை முதலில் வைத்திருக்கிறது. ஆலோசனைக்கு வரும் குடும்பச் சண்டைகளிலும் 'கோபம்' என்ற மேல்தோலை உரித்தால் அடிக்கடி கிடைப்பது அவமானம்தான்.

நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டில் எல்லாவற்றையும் 'டென்ஷன்', 'கடுப்பு' என்ற இரண்டு டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு மருந்து கேட்கும். எரிச்சல் பெரும்பாலும் பசியும் தூக்கக் குறைவும். சாப்பிட்டு உறங்கினால் பாதி போய்விடும். மனத்தாங்கல் சொல்லாமல் அடுக்கி வைத்த குறை, பேசினால்தான் தீரும். ஆதங்கம் அக்கறையிலிருந்து வருவது, 'இன்னும் நன்றாக இருந்திருக்கலாமே' என்பது. அதைத் திட்டாகச் சொன்னால் அக்கறை காணாமல் போகும். ஆற்றாமை கைகட்டி நிற்கும் தவிப்பு. ஒரு சிறு வேலையாவது செய்ய முடிந்தால் இறங்கும். ஏக்கத்துக்கு வேண்டியது நேரம். பரிசுப்பொருள் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்க முடியாது.

பெயர் வைத்தால் உணர்வு குறைந்துவிடுமா?

குறையும், மறையாது. 2007இல் அமெரிக்க ஆய்வாளர் மேத்யூ லீபர்மன் குழு, மூளையைப் படமெடுத்தபடியே சிலருக்குக் கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டியது. பார்த்த உணர்வுக்குச் சொல் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்து என்று மணியடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிந்தது. வீட்டில் அனுபவமும் இதேதான்: சரியான சொல் கிடைத்ததும் தோள் சற்று இறங்கும். தவறான சொல் என்றால் இறங்காது. அதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

சரி, எந்த உணர்வு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உடம்பில் தொடங்குங்கள். தாடை இறுகியிருக்கிறதா, காது சுடுகிறதா, வயிறு பிசைகிறதா, தொண்டை அடைக்கிறதா? பிறகு காலம்: இது எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் யார் என்ன சொன்னார்கள்? பிறகுதான் சொல்.

சொல் சரிதானா என்று பார்க்க நம் பேச்சுத் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது. 'எனக்கு ______ஆ இருக்கு' என்ற இடத்தில் போட்டுப் பாருங்கள். பயமா இருக்கு, வெட்கமா இருக்கு, ஏமாற்றமா இருக்கு: பொருந்தினால் அது உணர்வு. 'நீங்க என்னை மதிக்கலன்னு தோணுது' என்று 'தோணுது'வில்தான் வந்து முடிகிறது என்றால் அது தீர்ப்பு. தீர்ப்புக்கு எதிரில் இருப்பவர் வாதாடுவார். 'அவமானமா இருந்துச்சு' என்பதற்கு எதிர்வாதம் செய்வது கடினம்.

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். நாளுக்கு ஒரு வரி போதும்: மணி, நடந்தது, உடம்பு, சொல், 0 முதல் 10 வரை ஒரு எண். 'செவ்வாய் 7.10, மகன் பள்ளிப்பையை வாசலில் போட்டான், காது சூடு, சலிப்பு, 6.' பதினான்கு வரி சேர்ந்ததும் திருப்பிப் பாருங்கள். பலருக்கு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததற்கும் முதல் கவளம் சோற்றுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எண்கள் குவிந்திருக்கும். அப்படி என்றால் அந்த நேரத்தில் பணப் பேச்சு, தேர்வு மதிப்பெண், மாமியார் விவகாரம் எதையும் எடுக்காதீர்கள். இதற்கு ஆலோசகரே வேண்டாம்.

சண்டையின் நடுவில் எதுவும் காதில் விழுவதில்லை. என்ன செய்வது?

மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி 4ஆல் பெருக்குங்கள். ஓடாமல் ஆடாமல் நின்று பேசும்போதே 100ஐத் தாண்டிவிட்டதென்றால் பேச்சை நிறுத்துங்கள். தம்பதியர் சண்டைகளைப் பல ஆண்டு பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்லும் எல்லை அது. அந்த நிலையில் உடம்பு ஓடவோ அடிக்கவோ தயாராக நிற்கிறது. நியாயம் கேட்கும் பொறுமை அதற்கு இல்லை. தணிய குறைந்தது 20 நிமிடம் ஆகும்.

நிறுத்துவதில் பெரும்பாலோர் தவறும் இடம் ஒன்று உண்டு. 'இப்ப பேச முடியாது' என்று எழுந்து போய்விடுவார்கள். விடப்பட்டவருக்கு அது கதவை முகத்தில் சாத்தியது போல. அவர் பின்னாலேயே வருவார், சண்டை படுக்கையறையில் தொடரும். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்: 'எனக்குப் படபடப்பா இருக்கு. 9 மணிக்கு வந்து இதே விஷயத்தைப் பேசறேன்.' 9 மணிக்கு வந்தும் ஆக வேண்டும். தயாராகவில்லை என்றால் வந்து, இன்னொரு நேரம் சொல்லுங்கள். அன்றிரவே முடியாவிட்டால் மறுநாளுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவை வராமல் போனால் அடுத்த தடவை உங்களை யாரும் விட மாட்டார்கள்.

அந்த 20 நிமிடத்தில் மூச்சு: 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத்தை மெதுவாக்கும் நரம்பு வேலை செய்யத் தொடங்கும். முகத்தில் குளிர்ந்த நீரை அறைந்து கழுவுவதும் துடிப்பைக் குறைக்கும். இதய நோய் உள்ளவர்கள் ஐஸ் தண்ணீர் வைத்துச் செய்ய வேண்டாம். மனத்துக்குள் 'அவன் இப்படிச் சொன்னா நான் அப்படிச் சொல்வேன்' என்று வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் 20 நிமிடம் கழித்தும் துடிப்பு 100தான். வாட்ஸ்அப்பில் நீளமாகத் தட்டிக்கொண்டிருப்பதும் அதே ஒத்திகைதான்.

மூவறை வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். எங்கே போய் நிற்பது?

புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். மின்தூக்கியில் போகாமல் படியில் இறங்கினால் இன்னும் நல்லது, கால் வேலை செய்தால் உடம்பு சீக்கிரம் தணியும். பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு சுற்று 20 நிமிடத்தை விழுங்கிவிடும். கைக்குழந்தையை விட்டுப் போக முடியாதவர்களுக்குக் குளியலறை. காப்பிக்கடையில் பீர் போத்தலோடு உட்காருவது ஓய்வில் சேராது. 9 மணி வாக்குறுதி அங்கேதான் தொலையும்.

நாங்கள் சண்டையே போடுவதில்லை. நான்கு நாள் பேச மாட்டோம், அவ்வளவுதான். இதில் என்ன தவறு?

பழந்தமிழில் இதற்கே படிப்படியாகப் பெயர் உண்டு: புலவி, ஊடல், துனி. முதலிரண்டிலும் கொஞ்சல் மிச்சமிருக்கும். துனி முற்றியது, அதில் மிச்சம் எதுவும் இருக்காது. நான்கு நாள் என்பது துனி.

அளவுகோல் நாள்கணக்கு மட்டுமல்ல. மௌனம் உங்களை ஆற்றுகிறதா, எதிரில் இருப்பவரைத் தண்டிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தவிப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் விடை தெரிந்துவிடும். இன்னும் மோசமானது பிள்ளையைத் தூது விடுவது. 'அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு' என்று ஏழு வயதுக் குழந்தை இரண்டு அறைக்கும் நடந்தால், அந்த வீட்டில் அமைதியைக் காப்பது தன் வேலை என்று அது கற்றுக்கொள்ளும். முதல் பேச்சு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 'டீ போடவா?' போதும். ஆனால் டீ குடித்ததோடு விஷயத்தை மூடிவிடாதீர்கள். எப்போது பேசுவது என்று அங்கேயே நேரம் குறியுங்கள்.

மனத்தில் இருப்பதை எந்த வார்த்தையில் சொல்வது?

நான்கு துண்டுகள்: நடந்தது, உணர்வு, ஏன் அது உங்களுக்கு முக்கியம், என்ன வேண்டும். ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

'நீங்க எப்பவுமே உங்க அம்மா பக்கம்தான்.'

இதில் 'எப்பவுமே' என்ற ஒரு சொல் போதும். கேட்பவர் அது பொய்யாகிப்போன ஒரு நாளைத் தேடி எடுப்பார்: 'தீபாவளிக்கு யார் பேசினது?' பேச்சு அங்கே திசைமாறும். இப்படி மாற்றலாம்:

'நேத்து ராத்திரி சாப்பிடறப்ப அத்தை என் குழம்பைப் பத்திச் சொன்னாங்க, நீங்க தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு. இந்த வீட்டில நான் தனியா இல்லன்னு எனக்குத் தெரியணும். அடுத்த தடவை ஒரு வார்த்தை, "நல்லாத்தான்மா இருக்கு"ன்னு சொல்லுங்க, போதும்.'

முதல் வரியில் கேமரா பதிவுசெய்யக்கூடியது மட்டும் இருக்கிறது. கடைசி வரி, நாளைக்கே செய்யக்கூடிய அளவுக்குச் சின்னது. 'என்னை மதிங்க' என்று கேட்டிருந்தால் எதைச் செய்வது என்று அவருக்கே தெரியாது. ஒரு தடவைக்கு ஒரு விஷயம். 2019 கல்யாண வீட்டு விவகாரத்தை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறதே என்று கூச்சம் வரும். முதல் நாலைந்து முறை அப்படித்தான் இருக்கும்.

மாமியாரிடம் மருமகள் நேரடியாகப் பேசலாமா?

அன்றாட விஷயம் என்றால் பேசலாம். எல்லை போடும் விஷயத்தை அவரவர் பெற்றோரிடம் அவரவர் பேசுவதே எங்கள் பரிந்துரை. மகன் சொன்னால் அம்மாவுக்கு வருத்தம், ஒரு வாரத்தில் ஆறும். மருமகள் சொன்னால் அது பல ஆண்டு பேசப்படும். மகன் செய்யும் பிழை, 'அவளுக்குப் பிடிக்கலையாம்மா' என்று மனைவியை முன்னால் நிறுத்துவது. 'நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம்மா' என்று தொடங்க வேண்டும்.

மாமியார் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சொந்த வீட்டை விற்றுவிட்டு மகனோடு வந்து தங்கும் பெண்ணுக்குச் சமையலறைதான் கடைசி ராஜ்யம். குழம்பு விமர்சனத்துக்கு உள்ளே பெரும்பாலும் இருப்பது 'இனி நான் எதற்கு?' என்ற பயம். வாரத்தில் இரண்டு நாள் சமையல் முழுக்க அவர் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்த வீடுகளில் விமர்சனம் குறைவதைப் பார்க்கிறோம்.

கணவரின் கைப்பேசியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தால் ஒன்றும் இருப்பதில்லை.

ஒன்றும் இல்லை என்று பார்த்ததும் வரும் நிம்மதிதான் சிக்கல். 'பார்த்தால் பயம் போகும்' என்று மூளை பழகிவிடுகிறது. அடுத்த பயத்துக்கு மறுபடி பார்க்கச் சொல்கிறது, இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். ஆசை எழுந்ததும் 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள். அந்த வாரம் முழுக்க 10, அடுத்த வாரம் 20. அலை ஏறி, உச்சிக்குப் போய், தானே இறங்குவதை உடம்பு சில தடவையாவது பார்க்க வேண்டும். கூடவே, எதற்குப் பயம் என்பதை அவரிடம் வாயால் சொல்லுங்கள். உண்மையிலேயே நம்பிக்கை உடைந்த சம்பவம் நடந்திருந்தால் இந்தப் பயிற்சி மட்டும் போதாது, இருவரும் சேர்ந்து ஆலோசனைக்குப் போவது நல்லது.

மனைவி ஊரில், நான் இங்கே தங்குவிடுதியில். போனை எடுத்தாலே சண்டை.

இங்கே இரவு 10 என்றால் அங்கே மாலை 7.30. நீங்கள் களைத்து விழும் நேரம், அவருக்கு அடுப்படியும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும். யாரும் நிதானத்தில் இல்லாத நேரத்தில் பணப் பேச்சு. ஓய்வுநாளில் ஒரு மணி நேரத்தைக் குடும்ப விவகாரத்துக்கு ஒதுக்குங்கள். வேலைநாளில் பத்து நிமிடம், சாப்பாடு, பிள்ளை, சிரிப்பு மட்டும். சிக்னல் அறுந்து சண்டை பாதியில் நின்றால் 'நெட் போயிடுச்சு, வெச்சிடல' என்று ஒரு குரல்பதிவு அனுப்புங்கள். இதை எல்லோரும் அற்பமாக நினைக்கிறார்கள். அறுந்த அழைப்பை அவர் 'கட் பண்ணிட்டாரு' என்று எடுத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பார்.

கடன், ஏஜெண்ட் பணம், சம்பளப் பாக்கி இவற்றை மறைப்பதால் வரும் எரிச்சலும் போனில்தான் கொட்டும். தொகையைச் சொல்லிவிடுவது முதலில் வலிக்கும், பிறகு இரண்டு பேருக்கும் பாரம் இறங்கும்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள் 'ஐ ஆம் ஃபைன், மா' என்பதற்கு மேல் பேசுவதில்லை.

நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் விசாரணை. பக்கத்தில் பக்கமாகக் கேளுங்கள்: பேருந்தில், பாத்திரம் துலக்கும்போது, கடைக்கு நடக்கும்போது. 'ஏன்' என்று தொடங்காதீர்கள். 'என்ன ஆச்சு' போதும். கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். மூன்றிலேயே அறிவுரை எழும், அடக்குங்கள்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலத்திலேயே வரட்டும். உணர்வு எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில்தான் முதலில் வெளிவரும். 'தமிழ்ல சொல்லு' என்று அந்த நேரத்தில் திருத்தினால் இரண்டு மொழியிலும் கதவு மூடிவிடும். கேட்டு முடித்தபின், 'ஓ, அதைத்தான் நாங்க ஆற்றாமைன்னு சொல்லுவோம்' என்று ஒரு சொல்லை நீட்டலாம். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவள் விருப்பம்.

மன்னிப்புக் கேட்டும் ஏற்க மாட்டேன் என்கிறார்.

'சாரி, ஆனா நீயும்தான்...' என்று கேட்டிருந்தால் அது மன்னிப்பில் சேராது. எதைச் செய்தீர்கள் என்று சொல்லி, அது அவருக்கு என்ன செய்தது என்று சொல்லி, நிறுத்திவிடுங்கள். ஏற்க நேரம் எடுப்பது அவர் உரிமை.

வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது.

உணர்வைச் சமாளிப்பது வேறு, கொடுமையைச் சகிப்பது வேறு. உங்கள் பயம் சரியாகத்தான் வேலை செய்கிறது, அதை மூச்சுப்பயிற்சியால் அடக்க வேண்டாம். அடிப்பது மட்டுமே வன்முறை என்ற எண்ணம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. 2023இல் நிறைவேறி 2025இல் நடப்புக்கு வந்த சட்டத்திருத்தம், உடல், பாலியல் கொடுமையோடு உணர்வு, மனரீதியான கொடுமையையும் வெளிப்படையாகக் குடும்ப வன்முறை என்கிறது. கணவன், மனைவி மட்டுமின்றி பெற்றோர், மாமனார், மாமியார், உடன்பிறந்தோர் மீதும் குடும்ப நீதிமன்றத்தில் தனிப்பட்ட பாதுகாப்பு ஆணை, அதாவது கொடுமை செய்யக்கூடாது என்று தடுக்கும் உத்தரவு, கேட்கலாம்.

உடனடி ஆபத்து என்றால் 999. பேச வேண்டும் என்றால் 1800-777-0000, வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்குமான தேசிய உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. இந்த வீட்டில் 'நான்கு துண்டு வாக்கியம்' சொல்லிப் பார்க்காதீர்கள். உங்கள் பலவீனம் எங்கே என்று காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். அடையாள அட்டை, கடப்பிதழ், மருந்து, கொஞ்சம் ரொக்கம் இவற்றை ஒரே பையில், எடுக்கச் சுலபமான இடத்தில் வையுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் தாழ்ந்தே இருந்தால், பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் மாறிவிட்டால், உறவுச் சிக்கல் மட்டும்தான் காரணம் என்று முடிவுகட்டாமல் பலதுறை மருந்தகத்துக்கோ வழக்கமான மருத்துவரிடமோ போங்கள். பிள்ளை பெற்ற சில வாரங்களில் இது வந்தால் தாமதிக்கவே கூடாது. உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே, அந்த நிமிடமே 1767ஐ அழையுங்கள், நடு இரவானாலும் எடுப்பார்கள். மனநலம் பற்றிப் பொதுவாகப் பேச 1771.

ஆலோசனைக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடாதா?

ஆலோசகர் வெளியே சொல்வதில்லை. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்றவை விதிவிலக்கு. எது எது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தெரிந்த முகம் இருக்குமோ என்ற கூச்சம் இருந்தால் உங்கள் பேட்டையை விட்டுத் தள்ளியுள்ள நிலையம் சாத்தியமா என்று விசாரியுங்கள்.

அவர் வர மாட்டேன் என்கிறார். நான் மட்டும் போய் என்ன பயன்?

ஒருவர் எப்போதும் போடும் அடுத்த அடியை மாற்றினாலே மற்றவரின் அடி தடுமாறும். தனியாகவே போங்கள். வட்டாரக் குடும்பச் சேவை நிலையம், அல்லது பீட்டி ரோட்டில் உள்ள சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்). தமிழ் பேசும் அதிகாரி வேண்டும் என்று நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் இன்னொரு நாள் வர வேண்டியிருக்கலாம். இரண்டு வார நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பத்து ஆண்டுக் கதையை முதல் மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது. கடைசியாக நடந்த ஒரு சண்டையை, யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் என்ன சொன்னார்கள் என்பது உட்பட, சொல்லத் தயாராக இருங்கள். வீட்டில் எங்கே போனாய் என்று கேட்டால் மறைக்க வேண்டாம். 'எனக்காகப் போனேன்' என்று சொல்லிவிட்டு, அடுத்த சந்திப்பின் தேதியைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.